டிம்பரா, டார்கோவ்ஸ்கியா, வான் டெ வெனா? மூன்று பேர், இரண்டு இடம் (ஃபேன்டசி பிரிமியர் லீக், 2ஆம் வாரம்)

செங்காங்_வாசி · வியாழன், 21 ஆகஸ்ட் 2025, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். புதிதாக வருபவர்களுக்கு: ஃபேன்டசி என்பது நிஜ ஆட்டக்காரர்கள் 15 பேரை வாங்கி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு. 11 பேரின் புள்ளி சேரும், மீதி நால்வர் பெஞ்சில். இந்த வாரம் அணியை முடிவு செய்ய வேண்டிய டெட்லைன் சனிக்கிழமை விடியற்காலை 1.30. வெஸ்ட் ஹாம் – செல்சி ஆட்டம் நம் சிங்கப்பூர் நேரப்படி 3 மணிக்கு. அதற்குள் முடிவெடுக்க வேண்டும், ஆனால் இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

என் அணி: கோல் காவலர்கள் செல்ஸ், டுப்ராவ்கா. தற்காப்பில் குக்குரேயா, டிம்பர், டார்கோவ்ஸ்கி, வான் டெ வென், அப்புறம் பெயருக்கு 4.0 மில்லியனில் ஒருவர். நடுத்திடலில் சாலா, பால்மர், எம்பியூமோ, செமென்யோ, ரைண்டர்ஸ். முன்னால் ஜோவா பெட்ரோ, வுட், இன்னொரு மலிவு ஆள்.

3-5-2 (தற்காப்பில் 3, நடுத்திடலில் 5, முன்னால் 2) போடுகிறேன். குக்குரேயா உறுதி. மீதி இரண்டு தற்காப்பு இடத்துக்கு மூன்று பேர்.

டிம்பர்: ஆர்சனல் சொந்தத் திடலில் லீட்ஸுடன். ஆனால் போன வாரம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டில் பென் வைட்தான் தொடங்கினார்.
டார்கோவ்ஸ்கி: எவர்ட்டனின் புது அரங்கில் முதல் லீக் ஆட்டம், எதிரணி பிரைட்டன்.
வான் டெ வென்: ஸ்பர்ஸ், எதிரணித் திடலில், அதுவும் சிட்டியுடன்.

இன்னொரு கேள்வி கோல் காவலர். பேலஸ் திடலில் ஆடும் ஃபாரஸ்டின் செல்ஸா, சொந்தத் திடலில் சண்டர்லேண்டுடன் ஆடும் பர்ன்லியின் டுப்ராவ்காவா? காரணத்தோடு சொல்லுங்கள். 'இவரைப் போடு' என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரமும் இதே கேள்வியோடு வந்து நிற்பேன்.

ஈசூன்_பீரங்கி · வியாழன், இரவு 9.20

டிம்பர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆர்சனலின் எமிரேட்ஸ் திடலில் பருவத்தின் முதல் ஆட்டம், வருவது இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறி வந்த அணி. ஆர்சனல் கோல் வாங்காமல் முடிக்க நல்ல வாய்ப்பு. கார்னர் கிக்குக்கு டிம்பர் உள்ளே போய் நிற்பார். தற்காப்பு ஆட்டக்காரர் கோல் அடித்தால் 6 புள்ளி. வான் டெ வெனை வெளியே வையுங்கள். வுல்வ்ஸை 4-0 அடித்துவிட்டு வரும் சிட்டி அது. ஹாலண்ட் மட்டும் இரண்டு போட்டார்.

பாத்தோக்_அக்கா · வியாழன், இரவு 9.41

தம்பி பீரங்கி, எதிரணியைப் பார்க்குமுன் நிமிடத்தைப் பார்க்க வேண்டும். டிம்பர் கணுக்கால் சிகிச்சை முடிந்து திரும்பி வந்திருக்கிறார். போன வாரம் வைட் தொடங்கினார், டிம்பர் பிறகு மாற்றாக இறங்கினார். இந்த வாரமும் அப்படியே நடந்தால் 20 நிமிடத்துக்கு 1 புள்ளி. கோல் வாங்காத ஆட்டத்துக்கான 4 புள்ளி வேண்டுமென்றால் 60 நிமிடம் திடலில் இருக்க வேண்டும். ஆர்சனல் 3-0 வென்றாலும் இவருக்கு 1தான்.

என் பார்வையில் டார்கோவ்ஸ்கி முதல் ஆள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிராந்த்வைட் காயத்தில் இருக்கிறார், தற்காப்பின் நடுவிலிருந்து டார்கோவ்ஸ்கியைப் பயிற்றுநர் மோயஸ் எடுக்க மாட்டார். 90 நிமிடம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி · வியாழன், இரவு 11.58

வேலை இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக. டார்கோவ்ஸ்கி திங்கட்கிழமை லீட்ஸில் கையில் பந்து பட்டு பெனால்டி கொடுத்தார், எவர்ட்டன் 0-1 தோற்றது. அதை வைத்து யாரும் அவரை வெளியே வைக்காதீர்கள். கை உடம்போடு ஒட்டி இருந்தது. அது ஆட்டத் திறனைக் காட்டும் விஷயமே இல்லை.

இந்தப் பருவத்தின் புது விதியையும் கணக்கில் எடுங்கள். தற்காப்பு ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் பந்தை வெளியேற்றுவது, தடுப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்து 10 தொட்டால் 2 புள்ளி. நடுத்திடல், முன்திடல் ஆட்களுக்கு 12, ஆனால் பந்தை மீட்பதும் அதில் சேரும். டார்கோவ்ஸ்கி மாதிரி தலையால் முட்டியே வாழும் ஆளுக்குச் செய்த விதி அது. எவர்ட்டன் ஒரு கோல் வாங்கினாலும் அவருக்கு 4 புள்ளி வர வழி இருக்கிறது.

தேக்கா_தற்காப்பு · வெள்ளி, 22 ஆகஸ்ட், காலை 7.35

எம்.ஆர்.டி. ரயிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். டார்கோவ்ஸ்கி உறுதி என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து, அதை விட்டுவிடுவோம். உண்மையான கேள்வி டிம்பர், வான் டெ வென் இருவரில் யார் என்பதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒவ்வொருவருக்கும் இந்த வாரம் என்னென்ன நடக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். என் அனுமானம்தான், நீங்கள் எண்ணை மாற்றிப் பாருங்கள்.

டிம்பர் தொடங்குவது பாதிக்குப் பாதி என்று வையுங்கள். தொடங்கினால், வீட்டில் லீட்ஸ் என்பதால் சராசரி 5 எதிர்பார்க்கலாம். தொடங்காவிட்டால் பெரும்பாலும் கடைசியில் இறங்கி 1. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் 3.

வான் டெ வென் 90 நிமிடம் ஆடுவார், அது 2. சிட்டியில் கோல் வாங்காமல் இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றால் அதற்கு 0.8. சிட்டி அழுத்திக்கொண்டே இருக்கும், பந்தை வெளியேற்றும் வேலை அதிகம், எனவே புது விதியின் 2 புள்ளி பாதி நேரம் கிடைக்கலாம், அதாவது 1. இரண்டு கோல் வாங்கினால் 1 குறையும், அதற்குக் கொஞ்சம் கழியுங்கள். இங்கேயும் ஏறக்குறைய 3 வருகிறது.

ஆக, பேரைப் பார்த்தால் டிம்பர் வெகு தூரம் முன்னால் தெரிகிறார், கணக்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். 'சிட்டி வெளியூர் ஆட்டமா, பெஞ்ச்' என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பது சரியில்லை என்கிறேன். போன நவம்பரில் இதே சிட்டி திடலான எத்திஹாட்டில் ஸ்பர்ஸ் 4-0 வென்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பயிற்றுநர் தாமஸ் ஃபிராங்க், ஆள் புதிது, ஆனால் முதல் ஆட்டத்தில் பர்ன்லியிடம் கோல் வாங்கவில்லை. அதற்கு முன் சூப்பர் கோப்பையில் பிஎஸ்ஜிக்கு எதிராக வான் டெ வெனே ஒரு கோல் போட்டார். ஃப்ரீ கிக், கார்னர் என்றால் அவரும் உள்ளே போகிறார்.

ஈசூன்_பீரங்கி · வெள்ளி, காலை 8.02

அண்ணே, கணக்கு சரி. ஆனால் சராசரி 3 என்று இருவருக்கும் வந்தாலும் அந்த 3 ஒரே மாதிரியான 3 இல்லை. வான் டெ வெனுக்கு மேல்வரம்பு 6 அல்லது 8. டிம்பருக்கு 15 வரைக்கும் போகும். தெரிந்தவர்களோடு ஆடும் மினி லீக்கில் முன்னால் இருப்பவரைப் பிடிக்க வேண்டும் என்றால் எது வேண்டும்?

தேக்கா_தற்காப்பு · வெள்ளி, காலை 8.10

ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல கேள்வி. பருவத்தின் கடைசியில், 30 புள்ளி பின்னால் நிற்கும்போது என்றால் உன் பக்கம்தான் நான். 2ஆம் வாரத்தில் யாரும் யாரையும் துரத்தவில்லை. இப்போது சிறுகச் சிறுகச் சேர்ப்பதுதான் வேலை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டிம்பர் ஒரு நிமிடம்கூட ஆடாமல் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆட்டோ சப் (ஆடாதவருக்குப் பதில் தானாக நடக்கும் மாற்றம்) வழியாக பெஞ்சில் இருப்பவர் உள்ளே வந்துவிடுவார். கெடுப்பது அந்த 20 நிமிடம்தான். 89ஆவது நிமிடத்தில் இறங்கினாலும் 'ஆடினார்' என்று கணக்கு, கதவு மூடிவிடும். போன வாரம் மாற்றாக இறங்கிய ஆள் இந்த வாரமும் மாற்றாக இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் என் யோசனை: டார்கோவ்ஸ்கி, வான் டெ வென் இருவரும் 11 பேரில், டிம்பர் பெஞ்சில் முதல் இடம். முதல் இடம், மூன்றாவது இல்லை. அதைக் கவனமாக இழுத்து வையுங்கள்.

செங்காங்_வாசி · வெள்ளி, காலை 8.31

இதற்குத்தான் கேட்டேன். ஒரு சந்தேகம் அண்ணே. ரைண்டர்ஸும் என் அணியில் இருக்கிறார். சிட்டி நடுத்திடல் ஆளையும் ஸ்பர்ஸ் தற்காப்பு ஆளையும் ஒரே ஆட்டத்தில் போடலாமா? ஒருவருக்கு நல்லது நடந்தால் இன்னொருவருக்குக் கெட்டது ஆகிறதே.

பாத்தோக்_அக்கா · வெள்ளி, நண்பகல் 12.15

இதற்கு நான் பதில் சொல்கிறேன், சாப்பாட்டு நேரம். தாராளமாகப் போடலாம். ஒரே ஆட்டத்தில் எதிரெதிர் என்பதால் உங்கள் மொத்தப் புள்ளி குறையாது, ஏற்ற இறக்கம்தான் குறையும். ரைண்டர்ஸ் கோல் அடித்தால் 5ம் நிமிடத்துக்கான 2ம் வரும், வான் டெ வெனுக்கு 4 போகும். சிட்டி அடிக்காவிட்டால் மறுபக்கம் வரும். எப்படிப் பார்த்தாலும் கையில் ஏதோ ஒன்று நிற்கும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட்டு, கூடுதல் புள்ளி வருபவரைப் போடுங்கள். போன வாரம் வுல்வ்ஸில் கோலும் அடித்து கோலுக்கு உதவியும் செய்த ரைண்டர்ஸை இதற்காகவெல்லாம் உட்கார வைக்காதீர்கள்.

பக்கத்து மேசையில் ஒருவர் ஹாலண்டைத் தலைவராக (தலைவரின் புள்ளி இரட்டிப்பாகும்) போட்டுவிட்டு, ஸ்பர்ஸ் கோல் காவலரையும் வைத்திருக்கிறார். அவர் நிம்மதியாகத்தான் சாப்பிடுகிறார்.

இரவுப்பணி · வெள்ளி, பிற்பகல் 3.40

தூங்கி எழுந்தேன். கோல் காவலர் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

டுப்ராவ்கா பக்கம் சொல்ல விஷயம் இருக்கிறது. பர்ன்லி போன பருவம் இரண்டாம் நிலை லீக்கில் 46 ஆட்டத்தில் 16 கோல்தான் வாங்கியது, 30 ஆட்டம் கோலே வாங்கவில்லை. சொந்தத் திடல். எதிரணியும் இப்போதுதான் மேலே ஏறி வந்தது. கோல் காவலருக்கு மூன்று தடுப்புக்கு ஒரு புள்ளி என்பதால் கொஞ்சம் பலவீனமான அணியின் ஆளுக்கு அங்கேயும் சில்லறை சேரும்.

பாத்தோக்_அக்கா · வெள்ளி, பிற்பகல் 3.55

அந்த 16 கோலுக்குப் பின்னால் நின்ற கோல் காவலர் டிராஃபர்ட். அவர் இப்போது சிட்டியில். பர்ன்லி போன வாரம் ஸ்பர்ஸிடம் 3 வாங்கியது, சண்டர்லேண்ட் வெஸ்ட் ஹாமுக்கு 3 போட்டது. செல்ஸ் போன பருவம் 13 ஆட்டங்களில் கோல் வாங்காமல், அதிக ஆட்டங்களில் அப்படி முடிக்கும் காவலருக்கான தங்கக் கையுறையை ஆர்சனலின் ராயாவோடு பகிர்ந்துகொண்டவர். பேலஸுக்கு வியாழன் இரவு ஐரோப்பிய ஆட்டம் இருந்தது, எஸேவும் வேறு அணிக்குக் கிளம்பும் நேரம். களைத்த அணி, முக்கிய ஆள் இல்லாத அணி. எனக்கு செல்ஸ்.

இரவுப்பணி · வெள்ளி, பிற்பகல் 4.05

அக்கா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் சொந்தத் திடல் என்பதை நான் விட மாட்டேன். என் அணியில் டுப்ராவ்கா ஆடுகிறார்.

தேக்கா_தற்காப்பு · வெள்ளி, மாலை 6.20

கோல் காவலரை இப்படி வாரம் வாரம் மாற்றுவது பற்றி என் கருத்து: இரண்டு பேரை 5.0க்கும் 4.0க்கும் வாங்கியாயிற்று என்றால், எதிரணியில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். இந்த வாரம் அப்படி இல்லை. இரண்டுமே சமமாகத்தான் தெரிகிறது. சமம் என்றால் நல்ல அணியின் ஆள். அதிகம் யோசித்து இரவைக் கெடுத்துக்கொள்ள இது ஒரு விஷயமில்லை.

முகாம்_தம்பி · வெள்ளி, இரவு 10.48

அண்ணன்மார்களே, அக்கா, இன்று மாலைதான் ராணுவ முகாமிலிருந்து வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். என் அணியும் கிட்டத்தட்ட இதேதான், பால்மர், டிம்பர் எல்லாம் இருக்கிறார்கள். பெஞ்சில் முதலில் 4.5 தாக்குதல் ஆட்டக்காரர், இரண்டாவது டிம்பர், மூன்றாவது 4.0 தற்காப்பு ஆள் என்று இருக்கிறது. நான் வைக்கவில்லை, ஆப் அப்படித்தான் அடுக்கியிருக்கிறது. பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியும் சேரும் பெஞ்ச் பூஸ்ட் போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன், இந்த வருடம்தான் இரண்டு தருகிறார்களே.

தேக்கா_தற்காப்பு · வெள்ளி, இரவு 10.57

தம்பி, பெஞ்ச் பூஸ்ட் வேண்டாம். முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று. 19ஆம் வாரம் வரை நேரம் இருக்கிறது. பெஞ்சில் இருக்கும் நால்வரும் 90 நிமிடம் ஆடுவார்கள் என்று தெரியும் வாரத்துக்கு வைத்துக்கொள்.

வரிசையை மட்டும் இப்போதே மாற்று. அந்த 4.5 ஆள் கடைசி ஐந்து நிமிடம் இறங்குகிற வகை. உன் 11 பேரில் யாராவது ஆடவில்லை என்றால் அவர்தான் முதலில் உள்ளே வருவார், 1 புள்ளி, முடிந்தது. டிம்பரை முதலில் வை. டிம்பர் ஆடவே இல்லை என்றால் ஆட்டோ சப் அவரைத் தாண்டி அடுத்தவரை எடுத்துக்கொள்ளும், நமக்கு ஒன்றும் நட்டமில்லை.

யார் இடத்துக்கு யார் வரலாம் என்பதற்கு ஒரே கட்டுப்பாடு, தற்காப்பில் குறைந்தது 3, நடுத்திடலில் 2, முன்னால் 1. நடுத்திடல் ஆள் போனால் தற்காப்பு ஆள் வரலாம். நிறையப் பேர் நடுத்திடலுக்கு நடுத்திடல்தான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முகாம்_தம்பி · சனி, 23 ஆகஸ்ட், விடியற்காலை 1.08

மாற்றிவிட்டேன் அண்ணே. டிம்பர் முதல்.

செங்காங்_வாசி · சனி, விடியற்காலை 1.17

என் முடிவு: செல்ஸ். குக்குரேயா, டார்கோவ்ஸ்கி, வான் டெ வென். நடுத்திடல் ஐவர். ஜோவா பெட்ரோ, வுட். சாலா தலைவர். பெஞ்சில் டுப்ராவ்கா, டிம்பர், மலிவு தாக்குதல் ஆள், 4.0 ஆள். நன்றி எல்லாருக்கும். 3 மணி ஆட்டத்துக்கு விழித்திருக்கிறேன், பால்மருக்காக.

இரவுப்பணி · சனி, விடியற்காலை 2.56

பால்மர் இல்லை!! வார்ம் அப் செய்யும்போது ஏதோ ஆகிவிட்டது. அறிவித்த அணியில் பெயர் இருந்தது, இப்போது எஸ்தெவாவ் தொடங்குகிறார்.

முகாம்_தம்பி · சனி, விடியற்காலை 2.58

டெட்லைன் முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?

பாத்தோக்_அக்கா · சனி, விடியற்காலை 3.04

ஒன்றும் செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. பால்மர் இந்த ஆட்டத்தில் ஒரு நிமிடமும் ஆடப்போவதில்லை, எனவே ஆட்டோ சப். உன் பெஞ்சில் முதல் ஆள் யார்?

நான் பால்மரைத் தலைவராகப் போட்டிருந்தேன். துணைத் தலைவர் சாலாவுக்கு இரட்டிப்பு போய்விடும். துணைத் தலைவரையும் இதே வெள்ளிக்கிழமை ஆட்டத்திலிருந்து எடுக்காமல், வேறு நாளில் ஆடும் ஆளை வைப்பது என் வழக்கம்.

செங்காங்_வாசி · சனி, விடியற்காலை 5.10

5-1. ஜோவா பெட்ரோ கோல் அடித்தார். பால்மர் இல்லாமலே செல்சி இப்படி ஆடும் என்று நினைக்கவில்லை. இனி எல்லாம் டிம்பர் கையில். நேற்று வரை அவர் தொடங்காமல் இருந்தால் நல்லது என்று இருந்தேன், இப்போது தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். தூங்கப் போகிறேன்.

தேக்கா_தற்காப்பு · சனி, இரவு 9.40

சிட்டி 0, ஸ்பர்ஸ் 2. ஜான்சன், பாலின்யா. வான் டெ வெனுக்கு நிமிடம் 2, கோல் வாங்காததற்கு 4, அதற்கு மேல் வந்தால் லாபம். இரண்டாவது கோல் டிராஃபர்ட் தப்பாக விட்ட பந்திலிருந்து வந்தது.

இதை வைத்து 'நான் சொன்னேன் பார்' என்று சொல்ல வரவில்லை. ஐந்தில் ஒன்று என்று நானேதான் போட்டேன், அந்த ஒன்று இன்று விழுந்தது. அவர் 2 வாங்கி 1 புள்ளியோடு முடித்திருந்தாலும் நேற்று எடுத்த முடிவு அதேதான்.

தேக்காவில் இன்று கால் வைக்க இடமில்லை, புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி. பூ வாங்கப் போனவன் கோப்பிக்கடையில் நின்று முதல் பாதியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரவுப்பணி · ஞாயிறு, 24 ஆகஸ்ட், விடியற்காலை 12.02

பர்ன்லி 2, சண்டர்லேண்ட் 0. டுப்ராவ்கா கோல் வாங்கவில்லை. சொந்தத் திடல், சொந்தத் திடல்.

முகாம்_தம்பி · ஞாயிறு, விடியற்காலை 12.05

டிம்பர் தொடங்குகிறார்!! வலதுபக்கத் தற்காப்பில் அவர்தான்!

ஈசூன்_பீரங்கி · ஞாயிறு, விடியற்காலை 1.06

டிம்பர்!!! கார்னர், தலை, கோல். வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ஈசூன்_பீரங்கி · ஞாயிறு, விடியற்காலை 1.51

மறுபடியும் டிம்பர். இரண்டு. இன்னொரு கார்னர்தான், கூட்டத்துக்குள் அலைந்த பந்து.

ஈசூன்_பீரங்கி · ஞாயிறு, விடியற்காலை 2.34

5-0. கோல் இரண்டுக்கு 12, கோல் வாங்காததற்கு 4, நிமிடத்துக்கு 2. அதுவே 18, போனஸ் தனி. நான் 11 பேரில் வைத்திருந்தேன். வான் டெ வென் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய 6 எனக்கு இல்லை. இருந்தாலும் இந்த இரவு எனக்குப் போதும். சாக்கா, ஓடெகார்ட் இருவரும் அடிபட்டு வெளியே போனதுதான் மனதை உறுத்துகிறது.

செங்காங்_வாசி · ஞாயிறு, காலை 9.25

காலையில் எழுந்து பார்த்துவிட்டு ஆப்பை மூடி மறுபடியும் திறந்தேன். டிம்பர் பெஞ்சில்தான் காட்டுகிறது, புள்ளியும் அங்கேயே நிற்கிறது. ஆட்டோ சப் எப்போது நடக்கும்?

பாத்தோக்_அக்கா · ஞாயிறு, காலை 9.50

வாரத்தின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான். நியூகாசல் – லிவர்பூல் நம் நேரப்படி செவ்வாய் விடியற்காலை 3 மணிக்கு. அதுவரை ஆப் அப்படியேதான் காட்டும். பயப்படாதீர்கள், உங்கள் அணி 4-4-2 ஆகிவிடும், விதிக்கு உட்பட்டதுதான்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 11 பேரில் மீதி ஆட வேண்டியவர்களில் இன்னொருவரும் ஆடாமல் போனால், அவருக்கு அடுத்த பெஞ்ச் ஆள் வருவார். டிம்பர் பால்மருக்கு ஏற்கெனவே கணக்காகிவிட்டார்.

முகாம்_தம்பி · ஞாயிறு, இரவு 8.15

முகாமுக்குத் திரும்பும் வழியில் எழுதுகிறேன். எங்கள் பிரிவின் மினி லீக்கில் ஒருவரிடம் பால்மர், டிம்பர் இருவரும் இருக்கிறார்கள். பெஞ்ச் வரிசையை அவர் தொடவே இல்லை. முதலில் நின்ற தாக்குதல் ஆட்டக்காரர் கடைசியில் இறங்கி 1 புள்ளி எடுத்திருக்கிறார், பால்மருக்குப் பதில் அவர்தான் வருவார். டிம்பரின் அத்தனை புள்ளியும் பெஞ்சிலேயே. என்னுடைய வரிசையும் வெள்ளிக்கிழமை இரவு வரை அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. தேக்கா அண்ணனுக்கு அடுத்த வாரம் பிராட்டா என் செலவு.

தேக்கா_தற்காப்பு · ஞாயிறு, இரவு 11.20

எவர்ட்டன் 2, பிரைட்டன் 0. டார்கோவ்ஸ்கிக்கும் அந்த 4 வந்தது. வெல்பெக் பெனால்டியை பிக்ஃபர்ட் தடுத்த நிமிடத்தில் இங்கே எத்தனை பேர் கத்தினீர்கள் என்று தெரியவில்லை, நான் கத்தினேன். இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் கிரீலிஷ். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

பேலஸ் – ஃபாரஸ்ட் 1-1. செல்ஸுக்கு 2ம் தடுப்புப் புள்ளியும்தான். கோல் காவலர் விஷயத்தில் இரவுப்பணி வென்றார்.

செங்காங்_வாசி · செவ்வாய், 26 ஆகஸ்ட், காலை 7.05

ஆட்டோ சப் நடந்துவிட்டது. பால்மர் வெளியே, டிம்பர் உள்ளே.

சாலா 90 நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, 100ஆவது நிமிடத்தில் 16 வயது என்குமோஹா அடித்த கோலுக்குப் பந்து கொடுத்தார், தலைவர் என்பதால் அதுவும் இரட்டிப்பு. தூங்கிவிட்டேன், காலையில்தான் பார்த்தேன்.

செல்ஸ் பற்றி: இதே தகவலோடு இன்னொரு முறை கேட்டாலும் செல்ஸைத்தான் வைப்பேன். அக்கா சொன்ன காரணங்கள் எதுவும் தவறில்லை, பேலஸ் ஒரு கோல் அடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இரவுப்பணி · செவ்வாய், காலை 7.40

அடுத்த வாரம் பர்ன்லி ஓல்டு டிராஃபர்டுக்குப் போகிறது, ஃபாரஸ்ட் சொந்தத் திடலில் வெஸ்ட் ஹாமுடன். நானே செல்ஸைப் போடச் சொல்கிறேன். இதுதான் தேக்கா அண்ணன் சொன்ன பெரிய வித்தியாசம்.

பாத்தோக்_அக்கா · செவ்வாய், காலை 8.15

பால்மர் எப்போது திரும்புவார் என்று செல்சி பயிற்றுநர் மரெஸ்கா பேசும்வரை யாரும் விற்காதீர்கள். ஆளை மாற்றும் இலவச வாய்ப்பைச் சேர்த்து வைக்கலாம், ஐந்து வரை சேரும். 3ஆம் வார டெட்லைன் சனிக்கிழமை மாலை 6 மணி, இந்த முறை நடு இரவு இல்லை. புது இழை திறந்துவிட்டேன், கேள்விகளை அங்கே கொண்டுவாருங்கள். முதல் கேள்வி என்னுடையது: டிம்பரை லிவர்பூலுக்கு எதிராகவும் தொடக்கத்திலேயே இறக்குவாரா ஆர்சனல் பயிற்றுநர் ஆர்ட்டேட்டா?